இரவல் சுவர்

மருத்துவர் தஹ்சீன் ஒரு வெள்ளைத் தாளில் முதலில் கல்லீரலை வரைந்தார். அதற்குக் கீழே, இரைப்பையின் பின்னால் ஒளிந்துகொண்டிருப்பதைப் போல, கணையத்தை வரைந்தார். காமாக்ஷிக்கு அந்தப் படம் ஒரு பெரிய மாங்காயையும் அதன் அடியில் கிடக்கும் முற்றிய வெண்டைக்காயையும் நினைவூட்டியது. அதைச் சொல்வது மரியாதையாக இராது என்று பேசாமல் இருந்தார்.

“கணையத்துல இருந்து கசிஞ்ச தண்ணி, அப்படியே மேல ஏறிப் போய் கல்லீரல்ல தேங்கி நிக்குது. ஸ்கேன்ல பார்த்த கட்டி இதுதான். நிஜக் கட்டி இல்ல, பொய்க் கட்டி. ஊசி போட்டு எடுத்த தண்ணி பூரா கணையத்துத் தண்ணி. புற்றுநோய் கிடையாது. அந்த பயத்த இப்பவே விட்டுடுங்க.”

காமாக்ஷி நிமிர்ந்து உட்கார்ந்தார். ‘கல்லீரலின் இடப்பக்கம் ஒன்பது சென்டிமீட்டர் கட்டி’ என்ற அறிக்கை வந்ததிலிருந்து இரண்டு நாட்களாக அவர் தொண்டையில் ஒரு கவளம் சோறு இறங்கவில்லை.

“பொய்க் கட்டின்னா?”

“நிஜக் கட்டிக்கு சொந்தமா ஒரு தோல் இருக்கும். இதுக்கு அது இல்ல. சுத்தி இருக்கற கல்லீரலையே சுவரா வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்கு.”

“பக்கத்து ஃபிளாட்டுல குழாய் ஒடஞ்சா எங்காத்துச் சுவர் ஊறிண்டு நிக்குமே, அது மாதிரியா டாக்டர்?”

“அதேதான்மா. எங்ககிட்ட மருத்துவம் படிக்கற பசங்களுக்கு இதைப் புரிய வைக்க நான் ஒரு மணி நேரம் பேசணும்.” மருத்துவர் சிரித்தார். பிறகு அவர் குரல் மாறியது. “இப்போ அந்தச் சுவர் பச்சையா இருக்கு. பச்சைச் சுவத்துல ஆணி அடிச்சா என்ன ஆகும்? பேந்துடும் இல்லையா? ஆறு வாரம் ஆனா இறுகிடும். அப்புறம் வாய் வழியா குழாய் விட்டு, இரைப்பையில இருந்தே ஒரு ஓட்டை போட்டு, தண்ணிய உள்ளயே வடிச்சிடலாம். வயித்தக் கிழிக்க வேண்டாம். வலி ஆரம்பிச்ச நாள்ல இருந்து நாப்பத்திரண்டு நாள்.”

“அதுவரைக்கும் நாங்க என்ன பண்ணணும்?”

“ஒண்ணும் பண்ண வேணாம். அதுதான் இதுல கஷ்டம். எண்ணெய், நெய், தேங்காய் கண்ணுல காட்டாதீங்க. கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடட்டும். பட்டினியும் கூடாது, விருந்தும் கூடாது. காய்ச்சல், வலி எது வந்தாலும் உடனே வாங்க.”

காமாக்ஷிக்குப் பக்கத்து நாற்காலியில் இளைத்துப் போய் அமர்ந்திருந்த அவர் கணவர் ஸ்ரீரங்கனை மருத்துவர் பார்த்தார். “சார், அன்னிக்கே கேட்டேன். திரும்பவும் கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. குடிப் பழக்கம் நிச்சயமா கிடையாதே?”

“பஞ்சபாத்திரத் தீர்த்தம் உண்டு டாக்டர். சந்தியாவந்தனத்துல, ஒரு நாளைக்கு மூணு தடவை, மூணு மூணு ஸ்பூன்.”

சாந்தோம் பள்ளி ஒன்றில் இருபத்தொன்பது ஆண்டுகளாகக் கணிதம் கற்பிப்பவர் ஸ்ரீரங்கன். சிரிக்காமல் சிரிக்க வைப்பது அவருடைய வகுப்பறைப் பழக்கம். குற்றம் குடியில் இல்லை. பித்தப்பைக் கல்லில் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அந்தக் கல்லைக் கண்டுபிடித்து, எடுத்துவிடுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். “அது பாட்டுக்கு இருக்கு, நான் பாட்டுக்கு இருக்கேன்” என்று அவர் தள்ளிப்போட்டார். ஆனி மாதத்தில் ஒரு காலை, பள்ளிக்குப் புறப்பட்டுச் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தபோது, அந்தக் கல் நகர்ந்து கணையத்துக் குழாயை அடைத்துக்கொண்டது. அன்றுதான் கணக்கில் முதல் நாள்.

பதினெட்டாம் நாள் மயிலாப்பூர் வீட்டுக்குத் திரும்பினார்கள். தெற்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாம் மாடி. காமாக்ஷி முதல் வேலையாகச் சமையலறைக் காலண்டரில் நாற்பத்திரண்டாம் நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். நெய்ச் சொம்பையும் நல்லெண்ணெய் ஜாடியையும் பரணில் ஏற்றினார். தாளிப்பில்லாத ரசம், குழைந்த சாதம், ஆடை எடுத்த மோர், வேகவைத்த புடலங்காய். சாப்பிடுபவரைக் காட்டிலும் சமைப்பவருக்கே அது பெரிய தண்டனையாக இருந்தது. ஆயினும் ஒவ்வொரு நாள் தாளைக் கிழிக்கும்போதும், ஒரு செங்கல் ஏறிவிட்டதாக அவருக்கு ஓர் ஆறுதல் பிறந்தது. கல்லீரலுக்குள் யாரோ ஒரு நல்ல கொத்தனார் இருந்து, தினமும் கொஞ்சம் பூசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்துக்கொள்வார். தம்மால் செய்யக்கூடியது அந்தக் கொத்தனாரைத் தொந்தரவு செய்யாமல் இருப்பது ஒன்றுதான்.

இருபத்து நாலாம் நாள், தாளைக் கிழித்துவிட்டு அடுத்த வாரத்துத் தாள்களை எதேச்சையாகப் புரட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். முப்பத்தோராம் நாள் ஆடி மாதத்துக் கிருஷ்ணபட்ச சப்தமி. மாமனாரின் திவசம்.

கணவர் மறந்துபோயிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. அந்த நப்பாசைக்கு ஆயுள் அரை மணி நேரம்.

“காமு, சாஸ்திரிகளுக்கு ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்” என்றார் ஸ்ரீரங்கன், கூடத்திலிருந்து. “ரெண்டு பிராமணாளுக்கும் அவரே சொல்லிடறாராம்.”

“ஏன்னா, இந்த ஒரு வருஷம் ஹிரண்யமா பண்ணிடலாமே? தட்சிணையைக் குடுத்துட்டு நமஸ்காரம் பண்ணினாப் போறுமாமே. சாஸ்திரத்திலேயே இடம் இருக்குங்கறா.”

“அது முடியாதவாளுக்கு.”

“உங்களுக்கு முடியறதா?”

“நடக்கறேன். பேசறேன். உங்கிட்ட சண்டை போடறேன். இன்னும் என்ன முடியணும்?”

காமாக்ஷி அன்று மாலையே சாஸ்திரிகளைக் கோயில் வாசலில் பிடித்துவிட்டார். ஸ்கூட்டரின் முன்பக்கம் இரண்டு தர்ப்பைக் கட்டுகளுடன் நின்றிருந்த அவர், எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“மாமி, நான் சொல்லாமயா? ஆம சிராத்தமா பண்ணலாம், அரிசி காய்கறியைக் குடுத்துட்டாப் போறும்னேன். எனக்கே பாடம் எடுக்காதேயும் ஓய்ங்கறார். கணக்கு வாத்தியார் இல்லையா, ஸ்டெப் விடப்படாதாம்.”

“அவர் சாப்பிடப்படாது. ஹோமப் புகையைக்கூடப் பொறுத்துக்கலாம். அந்தச் சேஷத்தை அவர் சாப்பிடப்படாது. டாக்டர் அவ்வளவு சொல்லியிருக்கா.”

பிராமணர்கள் உண்டு முடித்தபின் மீதியிருப்பதுதான் சேஷம். பித்ருக்கள் உண்டதன் மிச்சம் என்பதால், திவசம் செய்தவர் அதை உண்டால்தான் அன்றைய காரியம் நிறைவு பெறும். அதிரசம், எள்ளுருண்டை, சுகியன், வடை, பாயசம். அந்த வீட்டு வழக்கப்படி எல்லாமே பசு நெய்யில். முதல் நாள் இரவிலிருந்து பட்டினி. மறுநாள் மூன்று மணிக்கு மேல் இந்த விருந்து. பட்டினியும் கூடாது, விருந்தும் கூடாது என்று மருத்துவர் சொன்ன இரண்டையும் ஒரே நாளில் செய்து முடிக்க நம் முன்னோர் ஏற்பாடு செய்து வைத்துவிட்டார்கள்.

சாஸ்திரிகள் தாடையைச் சொறிந்துகொண்டார். “ஏகாதசியில திவசம் வந்தா என்ன பண்றோம்? உபவாசம் விடப்படாது, சேஷமும் தள்ளப்படாது. சேஷத்தைக் கையில எடுத்து மோந்து பார்த்துட்டு வச்சுடறது. மோந்து பார்த்தாலே சாப்பிட்ட மாதிரிதான். இவருக்கு இப்போ தினமும் ஏகாதசிதானே மாமி? நான் சொல்றேன்.”

சொன்னார். காமாக்ஷி எதிர்பாராத வகையில், ஸ்ரீரங்கனும் மறுபேச்சின்றித் தலையாட்டினார்.

ஆனால் அன்றிரவு விளக்கை அணைக்கும் முன் அவர் சொன்ன ஒரு சொல் காமாக்ஷியை உறுத்திக்கொண்டே இருந்தது.

“அப்பா கடைசியா கேட்டது வடைதான். ஞாபகம் இருக்கா?”

இல்லாமல் என்ன? திருமணமாகி முதல் வருஷம். மாமனார் பொது மருத்துவமனையில் பதினோரு நாள் கிடந்தார். வாய்வழியாக ஒன்றும் கொடுக்கக் கூடாதென்று கட்டிலில் அட்டை தொங்கியது. ஒன்பதாம் நாள், “ஒரு வடை குடுடா ரங்கா, ஒரு விள்ளல்” என்று அவர் கேட்டார். டாக்டர் சொன்னதை மகன் மீறவில்லை. “நாளைக்குப்பா” என்றார். மறுநாளும் அப்படியே சொன்னார். அதற்கு மறுநாள் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முப்பது ஆண்டுகளாக அந்த ஒரு நாளில் மட்டும் ஸ்ரீரங்கன் இலையிலிருந்து முதலில் வடையை எடுப்பார், பேசாமல் தின்பார்.

முப்பத்தோராம் நாள் விடிந்தது. வாசலில் கோலம் போடவில்லை. காமாக்ஷி ஈரத்தோடு ஒன்பது கஜப் புடவையைக் கட்டிக்கொண்டு, பரணிலிருந்து நெய்ச் சொம்பை இறக்கினார். அடுப்பில் நெய் உருகி மணம் எழுந்தது. பதின்மூன்று நாள் கட்டிக் காத்த வீட்டுக்குள், தம் கையாலேயே விரோதியை அழைத்து உட்கார வைப்பது போல இருந்தது. திவசச் சமையலை ருசி பார்க்கக் கூடாது. உப்புச் சரியோ, காரம் சரியோ, யாருக்கும் தெரியாது. நடப்பது நடக்கட்டும் என்று கைகள் தாமாக வேலை செய்தன.

ஆதம்பாக்கத்திலிருந்து மகள் வர்ஷினி தொலைபேசியில் அழைத்தாள்.

“அம்மா, நான் லீவ் போட்டுண்டு வரட்டுமா? அப்பா சாப்பிடாம பார்த்துக்க ஒரு ஆள் வேண்டாமா?”

“மோந்துதான் பார்க்கப்போறார். சொல்லிட்டார். நீ ஆபீஸுக்குப் போ.”

“நீ அவரை நம்பறே பாரு. ஆறாங்கிளாஸ்ல டான்ஸ் கிளாஸ் சேர்க்கறேன்னு எனக்கும்தான் சொன்னார்.”

“திவசத்தன்னிக்கு வம்பு பேசாதேடி. வை.”

பத்தரை மணிக்குப் பிராமணர்கள் வந்தார்கள். ஸ்ரீரங்கன் அவர்கள் கால்களைக் கழுவும்போது குனிய முடியாமல் ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டதைக் காமாக்ஷி பார்த்தார். ஹோமத் தீயின் முன் அவர் முகம் சிவந்திருந்தது. அது தீயின் வெம்மைதானா என்று ஒரு கணம் சந்தேகம் தட்டியது. தொட்டுப் பார்க்க முடியாது. காரியம் முடியும்வரை யாரும் தொடக்கூடாத மடி ஆசாரத்தில் அவர் இருக்கிறார். பிராமணர்கள் நிறைவாக உண்டார்கள், ஏப்பம் விட்டார்கள், “திருப்தி” என்றார்கள். பிண்டம் வைத்தாயிற்று. சாஸ்திரிகள் புறப்படும்போது கண்ணால் ஜாடை காட்டினார்: மோந்து பார்த்தாப் போறும்.

மணி மூன்றே கால். ஸ்ரீரங்கன் தனி இலையில் உட்கார்ந்தார். காமாக்ஷி எல்லாவற்றிலும் ஒரு துளி வைத்தார். வடையை மட்டும் எண்ணி ஒன்று. உள்ளே குழைந்த சாதமும் மோரும் தயாராக இருந்தன. முதலில் மோந்து பார்த்துவிட்டு எழுந்து, வேறு தட்டில் அதைச் சாப்பிடுவதாகத்தான் பேச்சு.

அவர் வடையைக் கையில் எடுத்தார். மூக்கருகே கொண்டு போனார். கண்களை மூடிக்கொண்டார். நெடுநேரம் அப்படியே இருந்தார். பிறகு அந்தக் கை, யாரையும் கேளாமல், சற்றுக் கீழே இறங்கியது.

காமாக்ஷி வாயைத் திறந்தார். திவசத்தன்று வீட்டில் உரத்த சொல் எழக்கூடாது. கோபம் எழுந்தால் பித்ருக்கள் பசியோடு திரும்பிவிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதுவரை அவர் மீறாத சட்டம் அது. கையில் கரண்டியோடு நின்றார். அவருடைய கணவர் ஒரு விள்ளலைக் கடித்து, மெல்ல, குழந்தைக்கு ஊட்டுவதுபோல் தமக்குத் தாமே ஊட்டிக்கொண்டு தின்றார். கண்ணோரம் நீர் வழிந்தது. அதைத் துடைக்கவில்லை, வலக்கை எச்சில், இடக்கை இலையைப் பிடித்திருந்தது.

முழு வடையும் போயிற்று. பிறகு அவர் நிமிர்ந்து பார்த்தார்.

“இன்னொண்ணு போடு, காமு.”

பாத்திரத்தில் பதினோரு வடை இருந்தது. இல்லை என்று சொல்லலாம். ஆனால் அன்று அந்த இலையைப் பார்த்து ‘இல்லை’ என்ற சொல்லைச் சொல்லக் கூடாது. எது தீர்ந்துபோனாலும் “நிறைஞ்சிருக்கு” என்றுதான் சொல்ல வேண்டும். புகுந்த வீட்டில் முதல் திவசத்தின்போதே மாமியார் சொல்லிக் கொடுத்த பாடம். அதைவிட, அந்த முகம். வடை கேட்டது கணவரா, அந்தப் பழைய கட்டிலில் கிடந்தவரா என்று பிரித்தறிய முடியாத முகம்.

காமாக்ஷி இன்னொரு வடையை இலையில் வைத்தார்.

நாலு மணிக்கு வர்ஷினி மறுபடி அழைத்தாள். “என்னம்மா, அப்பா?”

“மோந்து பார்த்தார்டி” என்றார் காமாக்ஷி. அது பொய்யல்ல.

ஐந்தரை மணிக்கு ஸ்ரீரங்கன் நாற்காலியிலிருந்து எழ முயன்று, எழ முடியாமல், இரண்டு கைகளாலும் மேல்வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சத்தம் போடவில்லை. முகத்தில் வேர்வை மட்டும் முத்துமுத்தாக நின்றது. காமாக்ஷி முதன்முறையாக அன்று அவரைத் தொட்டார். உடம்பு அடுப்பாகக் கொதித்தது. சற்றைக்கெல்லாம் பற்கள் கிடுகிடுக்கும்படி குளிர் நடுக்கம் கண்டது.

சந்து முனையில் எப்போதும் ஆட்டோ நிறுத்தும் ஹஸன் மாடியேறி வந்து, அவரைத் தோளில் தாங்கி இறக்கினார்.

“ஐயாவுக்கு இன்னா ஆச்சும்மா? காலைல வாசல்ல நின்னுக்கினு இருந்தாரே, நல்லாதான கீறார்னு நெனச்சேன்.”

“அடையாறு ஆஸ்பத்திரி, ஹஸன். சீக்கிரம்.”

“நீ கவலப்படாத. சார், கண்ண மூடாத சார். எம்பொண்ணுக்கு அல்ஜீப்ரா சொல்லித் தரேன்னு சொல்லிக்கீற, ஞாபகம் வச்சுக்கோ.”

“எக்ஸோட மதிப்பு தெரியலைன்னா… பயப்படப்படாதுன்னு சொல்லு அவகிட்ட” என்றார் ஸ்ரீரங்கன், பல் கடித்துக்கொண்டே.

ஒன்பது கஜப் புடவையும், நெற்றியில் வழிந்த வேர்வையும், நெய் மணக்கும் கையுமாகக் காமாக்ஷி அவசரச் சிகிச்சைப் பிரிவின் வெளிச்சத்தில் நின்றார். வர்ஷினி அலுவலகத்திலிருந்து நேரே ஓடி வந்துவிட்டாள். ஸ்கேன் எடுத்து முடித்து மருத்துவர் தஹ்சீன் வெளியே வந்தபோது ஏழு மணி.

“கடைசியா என்ன சாப்பிட்டார்?”

“ஒண்ணும் சாப்பிடலை டாக்டர், மோந்துதான்…” என்று வர்ஷினி தொடங்கினாள்.

“ரெண்டு வடை” என்றார் காமாக்ஷி. “நெய்யில பொரிச்சது. அதுக்கு முன்னாடி நேத்து ராத்திரியிலேர்ந்து பட்டினி. நான்தான் பண்ணினேன். நான்தான் போட்டேன்.”

வர்ஷினி தாயைப் பார்த்தாள். அவள் ஏதாவது சொல்லியிருக்கலாம் என்று காமாக்ஷிக்குத் தோன்றியது.

மருத்துவர் கையிலிருந்த ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். “கட்டி பெரிசாகியிருக்கு. உள்ள சீழ் பிடிச்சிருக்கு. இனிமே நாப்பத்திரண்டு நாள் காத்திருக்க முடியாது. உள்வழியா வடிக்கற அளவுக்குச் சுவர் இறுகல. இப்பவே வெளியில இருந்து, விலா எலும்புக்குக் கீழ, குழாய் போட்டுத்தான் ஆகணும். ரத்தம் கசியற அபாயம் இருக்கு. அத நான் மறைக்கல.”

“அந்த வடையாலயா டாக்டர்?”

“சீழ் ஒரே நாள்ல பிடிக்காதும்மா. ரெண்டு மூணு நாளா உள்ள ஆரம்பிச்சிருக்கணும். லேசா காய்ச்சல் இருந்துதா?”

ஹோமத் தீயின் முன் சிவந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. சுவரில் ஊன்றிய கை. “தெரியலையே. அவர் சொல்லலை. நான்… தொடலை.”

“வடை கணையத்தத் தூண்டி விட்டிருக்கலாம். தூண்டாமலும் இருந்திருக்கலாம். அத சாப்பிடலைன்னாலும் நாளைக்கு இங்க வந்திருப்பீங்களோ என்னவோ. உறுதியா என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது.”

உன்னால்தான் என்று சொல்லியிருந்தால் காமாக்ஷி அழுதிருப்பார். உன்னால் இல்லை என்று சொல்லியிருந்தாலும் அழுதிருப்பார். இரண்டும் இல்லாதபடியால் அழவும் வழியின்றி நின்றார். ஒப்புதல் படிவத்தை நீட்டினார்கள். கையெழுத்திடும்போது தாளில் விரல் பட்ட இடத்தில் நெய்க் கறை விழுந்தது. செவிலியர் அதைப் பார்த்தும் பாராததுபோல் வாங்கிக்கொண்டார்.

படுக்கையைத் தள்ளிக்கொண்டு போகும் முன் இரண்டு நிமிடம் கொடுத்தார்கள். ஸ்ரீரங்கனின் உதடுகள் வறண்டிருந்தன. கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டை தொங்கியது: வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது.

அவர் கண் திறந்து மனைவியைத் தேடினார். குறும்பெல்லாம் வடிந்துபோன பார்வை. வீட்டுப்பாடம் செய்யாமல் வந்து அகப்பட்டுக்கொண்ட மாணவனைப் போல இருந்தார்.

“காமு, டாக்டர் என்ன சொன்னா? என்னாலயா? நான் தின்னேனே, அதனாலயா?”

கொத்தனார் பதின்மூன்று நாள் பூசிய சுவரைப் பற்றியும், காய்ச்சலைத் தொட்டுப் பாராத தம் கையைப் பற்றியும், மருத்துவரின் ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற பதிலைப் பற்றியும் சொல்வதற்கு அங்கே நேரம் இல்லை.

“இல்லை” என்றார் காமாக்ஷி.

அவர் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். கட்டில் நகர்ந்தது; இரட்டைக் கதவு திறந்து, மூடியது. அப்போதுதான் காமாக்ஷிக்கு உறைத்தது: பொழுது விடிந்ததிலிருந்து சொல்லக் கூடாதென்று பல்லைக் கடித்துக் காத்திருந்த சொல் அது. எவ்வளவு எளிதாக வந்துவிட்டது. அந்த ஒரு சொல்லை மூன்றே கால் மணிக்கு, ஓர் இலையின் முன்னால் நின்று, அவரால் சொல்ல முடியவில்லை.

வர்ஷினி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். தாயின் நெய்க் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எவ்வளவு நேரம் ஆகுமாம்?” என்று கேட்டார் காமாக்ஷி.

“தெரியலைம்மா. காத்திருக்கச் சொன்னா.”